ஆடியில் காய்ச்சிய பால்

செவ்வாய்க்கிழமையில் விளக்குமாறுகூட வாங்காத மனிசி அவர். வெளியே புறப்படும்போது யாராவது பின்னாலிருந்து "எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டால், திரும்பி வந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி செருப்பை மாட்டுவார். மூத்த மகள் முதன்முதலாகக் கார் வாங்கியபோது, நாள் சரியில்லை என்று அதை டீலரின் முற்றத்திலேயே சில நாட்கள் காயவிட்டவர். அப்படிப்பட்ட புனிதவதி அக்கா, ஒரு நல்ல நேரத்தைக் கண்ணெதிரே கடந்துபோக விட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அந்தப் பிரமிப்பு எனக்கு இன்னும் போகவில்லை. எழுதிவிட்டால் கொஞ்சம் தணியுமோ என்று பார்க்கிறேன்.

கனடாவில், மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நான் கோடையில் புல் வெட்டியும் மாரியில் பனி வழித்தும் பிழைப்பவன். அதனால் என்னிடம் பின்னால் பாரம் ஏற்றி இழுக்கும் ஒரு பெரிய பிக்கப் உண்டு. இந்தக் கதைக்குள் நான் வந்ததற்கு அந்தப் பிக்கப்தான் காரணம். என் அறிவு காரணமில்லை என்பதைப் போகப்போக நீங்களே கண்டுகொள்வீர்கள்.

அக்கா அஜின்கோர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் மகேஸ்வரன், எங்கள் எல்லோருக்கும் மகேஸ் அண்ணை, நெடுந்தூர லொறி ஓட்டினார். ஹலிபாக்ஸ் முதல் வன்கூவர் வரை அவருடைய சில்லு படாத பெருஞ்சாலை இல்லை. அவர் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஓடிக்கொண்டிருந்த காலமெல்லாம், அக்கா இரண்டு பெண்பிள்ளைகளையும் நீச்சலுக்கும் தமிழ் வகுப்புக்கும் பஸ்ஸில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கனடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அக்கா கண்ட தூரம் நயாகராவும் மொன்றியலும்தான். "பிள்ளையள் வளரட்டும், பிறகு ரெண்டு பேருமாச் சுத்துவம்" என்று அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வளர்ந்து, கலியாணம் கட்டி, ஒட்டாவாவுக்கும் எட்மன்டனுக்கும் போய்விட்டார்கள். அதற்குள் அண்ணையின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன.

இப்போது அண்ணையின் வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தியிருக்கிறது. பையில் வரும் மருந்துநீரை அதன் வழியே வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் உள்ளே நின்ற பிறகு அதை வெளியே வடித்துவிட்டுப் புது நீர் விட வேண்டும். சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை அந்த நீர் செய்கிறது. இதை ஒரு நாளைக்கு நாலு தரம், வருடம் முழுவதும், பொங்கலென்றாலும் தீபாவளியென்றாலும் விடாமல் செய்ய வேண்டும். வீட்டிலேயே செய்யலாம் என்பதுதான் இதிலுள்ள நன்மை. குழாயின் வாயில் ஒரு கிருமி ஒட்டினாலும் அது நேரே வயிற்றுக்குள் போய்விடும் என்பது இதிலுள்ள பயம்.

அந்தப் பயம் ஒருமுறை நிசமாகவும் நடந்தது. சொந்தக்காரரின் கலியாணத்துக்குப் போன இடத்தில், மண்டபத்துப் பக்க அறையொன்றில் அவசரமாக நீர் மாற்றினார்கள். இரண்டு நாளில் அண்ணைக்குக் காய்ச்சலும் வயிற்று வலியும் வந்து, ஆஸ்பத்திரியில் மயிரிழையில் தப்பினார். திரும்பி வந்ததும் அக்கா வீட்டின் பின்னறையைக் காலிசெய்தார். விரிப்பைக் கழற்றி எறிந்தார். சுவருக்குப் புது வர்ணம் அடித்தார். நீர் மாற்றும் நேரத்தில் அந்த அறையில் யன்னல் சாத்தி, காற்றாடி நிறுத்தி, இருவரும் முகமூடி போட்டிருப்பார்கள். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. உள்ளே வர அக்கா விட்டதில்லை.

அன்றிலிருந்து, அடுத்த நீர் மாற்றத்துக்குமுன் வீடு திரும்பக்கூடிய தூரம்தான் அண்ணையின் உலகம். நாட்டை அளந்த மனுசன் பக்கத்து ஒஷாவாவைத் தாண்டுவதில்லை. பகலெல்லாம் தொலைக்காட்சியில் லொறிக்காரர்கள் கண்ணாடிக்குப் பின்னால் கமரா வைத்து எடுத்துப் போடும் வீதிக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அக்கா தேத்தண்ணியோடு வந்தபோது, திரையில் ஒரு இறக்கம் வந்ததாம். சோபாவில் இருந்த அண்ணையின் வலது கால் தன்பாட்டில் பிறேக்கை அழுத்தியதாம். அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, உம்மடை பிக்கப் எவ்வளவு பாரம் இழுக்கும்?"

"ஏனக்கா, வீடு மாறப் போறியளோ?"

"ஓம். சில்லு வைச்ச வீட்டுக்கு."

மோட்டலில் நின்று போகலாமே, அதற்கு இவ்வளவு செலவு எதற்கு என்று நான் வழக்கம்போல என் பாட்டுக்கு அளந்தேன். அக்கா காது கொடுக்கவில்லை. "மோட்டல் கார்ப்பெற்றுக்குள்ளை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? எனக்கு நான் கழுவித் துடைச்ச ஒரு அறை வேணும். அது அவரோடை வரவேணும்" என்றார். பழையதாகப் பார்ப்போம், பாதி விலைக்கு வரும் என்றேன். யாருடைய ஈரம் உள்ளே ஊறிக் கிடக்குமோ என்று அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார். புதிதுதான் வேண்டும். ஈரமில்லாமல், பூஞ்சணமில்லாமல், மருந்துப் பை தொங்கவிட ஒரு கொளுக்கி போடக்கூடிய சுவரோடு வேண்டும்.

பரி நகருக்கு அப்பால் பெருஞ்சாலையை ஒட்டி ஒரு டீலரின் முற்றம் இருந்தது. வெள்ளை வெளேரென்று வரிசைவரிசையாக ட்றெயிலர்கள் நின்றன. உள்ளே ஏறியதும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். ஒரு பஸ் அளவுப் பெட்டிக்குள் கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழுவும் தொட்டி, குளியலறை. அண்ணை ஒரு பொத்தானை அமத்தினார். சுவரொன்று சோபாவோடு சேர்ந்து மெல்ல வெளியே நகர்ந்துபோய், நின்ற இடம் ஒரு மண்டபமாகிவிட்டது. அதை ஸ்லைட் என்கிறார்கள். அண்ணை மறுபடி அமத்தினார், சுவர் உள்ளே வந்தது. பிறகும் அமத்தினார். நோய் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு பெட்டகமாகத் திறந்து, தலையை உள்ளே விட்டு மணந்துகொண்டிருந்தார்.

எங்களுக்குக் கிடைத்த விற்பனையாளன் கைல் என்ற வாட்டசாட்டமான பெடியன். நல்ல மரியாதை. முற்பணம் கட்டும்போது அக்கா தன் சமையலறை இங்கிலிஷில் அவனிடம் ஒரு நிபந்தனை சொன்னார். மீதிக் காசு கட்டவும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவும் முன்னர், ட்றெயிலருக்குத் தண்ணீரும் மின்சாரமும் காஸும் கொடுத்து, தான் உள்ளே இருந்து பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் முற்பணம் திரும்ப வேண்டும். எல்லோருக்கும் சுற்றிக் காட்டுவோம், பயப்பட வேண்டாம் என்று கைல் சிரித்தான். அக்கா சிரிக்காமல், "எழுதித் தாரும்" என்றார். ஒப்பந்தத்தின் அடியில் அவன் அதை எழுதிக் கையெழுத்தும் வைத்தான். நான் வெட்கத்தில் கோப்பி மெசினின் பக்கம் போய்விட்டேன்.

அடுத்தது நாள் பார்ப்பது. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆனி மாதக் கடைசி நாளைத்தான் குறித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை, மதியம் ஒன்றரைக்குள் பால் காய்ச்ச வேண்டும், பிறகு ராகுகாலம். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் சனம் புது வீடு குடிபூராது, வாகனம் எடுக்காது, கலியாணப் பேச்சும் பேசாது. ஆவணி வரை பொறுக்கவும் வழியில்லை. அவர்கள் முதலில் போக நினைத்த சுப்பீரியர் ஏரிக்கரையில் முகாமிட இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒட்டாவா மகள் மாசிப் பனியிலேயே கணினிக்கு முன்னால் தவம் கிடந்து ஓகஸ்ட் தொடக்கத்துக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருந்தாள். ஆகவே அந்த வியாழக்கிழமையை விட்டால் நாளுமில்லை, நேரமுமில்லை.

அன்று காலை என் பிக்கப்பின் பின்னிருக்கையில் ஒரு குடிபூரலே ஏறி வந்தது. நிறைகுடம், மாவிலை, பிள்ளையார் படம், புதுப் பானை, பால், அத்தோடு அக்காவின் சொந்தத் துடைப்பம், வாளி, றப்பர் கையுறை. அண்ணை முன்னிருக்கையில் சலவை மடிப்புக் கலையாத சேட்டோடு இருந்தார். வழி நெடுக, எந்தச் சந்தியில் எந்த லொறித் தரிப்பில் நல்ல முட்டைப் பொரியல் கிடைக்கும் என்று கதை. டீலரின் வாசலில் இறங்கியதும் கைலின் தோளில் தட்டி, எங்களுடைய நல்ல நேரம் ஒன்றரைக்கு முடிகிறது, அதற்குள் எல்லாம் ஆயத்தமாக இருக்கட்டும் என்று அவனிடம் பெருமையாகச் சொன்னார். கைலுக்கு எங்கள் ஆட்களைப் பழக்கம். தேசிக்காய் சில்லுக்குக் கீழே வைக்கலாம், தேங்காய் உடைப்பது என்றால் அந்த மூலையில் என்று கையைக் காட்டினான்.

பிறகு அவன் எங்களைக் கையெழுத்துப் போடும் அறைப் பக்கம் அழைத்தான். அக்கா அசையவில்லை.

"முதல் வீடு கழுவுறது. பேந்து பால். பேந்து சைன்" என்று என்னிடம் சொல்லி, அவனுக்கும் சொன்னார்.

நேற்றே கழுவித் துடைத்துவிட்டோமே, பாருங்கள் எப்படி மின்னுகிறது என்றான் கைல்.

"நான் கழுவேல்லையே" என்றார் அக்கா.

எங்கள் ஊர் வழக்கப்படி குடிபூரலுக்கு முதல் நாள் வீடு கழுவ வேண்டும். முதல் நாள் இவர்கள் முற்றத்துக்குள் வர முடியாததால், அன்றைக்கே கழுவப் போகிறார் என்று நான் கைலுக்கு விளக்கம் கொடுத்தேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, ஏணியோடும் ஹோஸ் பைப்போடும் ஒரு வேலையாளை வரச்செய்தான். உள்ளே துடைக்கத்தான் அக்காவுக்கு வாளி என்று நான் நினைத்திருந்தேன். அவர் செய்தது வேறு. ஸ்லைட்டை வெளியே தள்ளச் சொன்னார். எல்லா யன்னல்களையும் சாத்தினார். வேலையாளைக் கூரையிலும் சுவரிலும் மழை பெய்கிற மாதிரித் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவையும் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

அண்ணை வெளியே நிழலில் கதிரை போட்டு இருந்தார். கூரையில் தண்ணீர் பறை அடித்தது. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. வெயிலுக்குள் மழையை விலைக்கு வாங்கி நனையாமல் இருக்கிறோம் என்று பகிடி விட்டேன். அக்கா கேட்டதாகத் தெரியவில்லை. தலைக்கு மேலேயிருந்த பெட்டகங்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, உள்ளே வெறுங்கையால் தடவினார். கொஞ்ச நேரம் இருப்பார், பிறகு எழும்பித் தடவுவார். பொறுமை இழந்து நான் கதவைத் திறக்கப் போனேன்.

"இஞ்சை வாரும்" என்றார்.

ஸ்லைட்டும் சுவரும் சேரும் மூலை. அங்கேயிருந்த பெட்டகத்தின் கூரையில் என் விரலை வைத்தார். குளிர்ந்தது. விரலை எடுத்துப் பார்த்தேன், ஈரம்.

கைலைக் கூப்பிட்டோம். அவன் ஒரு கடதாசியால் ஒற்றி எடுத்துவிட்டு, உள்ளே ஆட்கள் இருந்தால் மூச்சுக்காற்றுப் படிந்து இப்படித்தான் வேர்க்கும் என்றான். அக்கா அவனோடு வாதாடவில்லை. அந்த மூலையை ஒரு வெள்ளைத் துணியால் உலரத் துடைத்தார். அந்தப் பக்கத்துக்கு மட்டும் மறுபடி தண்ணீர் அடிக்கச் சொன்னார். பிறகு உள்ளங்கையை விரித்து அதன் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் மூவரும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பலகை இடுக்கில் ஒரு துளி கட்டி, பெருத்து, அவர் கையில் விழுந்தது. அக்கா அந்தக் கையைக் கைலின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கைல் நல்லவிதமாகத்தான் பேசினான். சின்ன விசயம், பசை பூசினால் போதும். வொறன்ரி உத்தரவாதம் இருக்கிறது. இன்று கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோங்கள், கோடை முழுக்க அனுபவியுங்கள், இலையுதிர் காலத்தில் கொண்டுவந்து விட்டால் செய்து தருகிறோம் என்றான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான். உங்கள் நல்ல நேரம் ஒன்றரைக்கு முடிகிறதல்லவா, நீங்கள் அதைத் தவறவிடுவதை நான் விரும்பவில்லை என்றான். அதைக் கரிசனையோடு சொன்னான். திமிராகச் சொல்லியிருந்தால் நான் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அண்ணை படியில் ஏறி வந்து தலையை உள்ளே நீட்டினார். "என்னப்பா, கெதியாப் பாலை வையும். நேரம் போகுது."

"ஒழுகுதுங்கோ."

"எவ்வளவு?"

"ஒரு துளி."

"ஒரு துளிதானே! நான் சிலிக்கன் வாங்கிப் பூசி விடுறன். இண்டைக்கு விட்டா நாளைக்கு ஆடி. பேந்து இந்த வருசம் எங்கை போறது?" அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வருசம் நான் இருப்பனோ ஆருக்குத் தெரியும், புனிதம்?"

அக்கா, பாலை வைப்போம், வொறன்ரி இருக்குத்தானே என்று நானும் சொன்னேன். அந்த ட்றெயிலருக்குள் அந்த மனிசிக்கு ஆதரவாக ஒரு ஆள் இல்லை. கட்டின புருசன், இழுத்துக்கொண்டு போக வந்த நான், விற்க நின்ற கைல், பஞ்சாங்கம், எல்லாம் ஒரு பக்கம்.

அக்கா அண்ணையை நிமிர்ந்து பார்த்தார். "உந்தப் பெட்டகத்துக்குள்ளைதான் உங்கடை மருந்துத் தண்ணிப் பையள் இருக்கப்போகுது. உங்கடை வயித்துக்குள்ளை கிருமி போறதுக்கும் ஒரு துளியே போதும்."

சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார். எதிரே மூட்டாத அடுப்பும், அதன்மேல் மஞ்சள் கட்டிய பானையும் இருந்தன. அவருடைய உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. நான் அடுப்பின் மேலேயிருந்த மணிக்கூட்டைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். கையெழுத்துப் போடும் அறையிலிருந்து ஒரு கோட்டுக்காரர் பேனாவோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். அந்த நேரம் போய்விடுமே என்று அங்கே அவரைவிடப் பயந்தவர் யாருமில்லை. இருந்தும் அவர் எழும்பவில்லை. ஒன்றரை வந்தது, கடந்தும் போனது. மலை ஏறியவர்களைப் பற்றியும் கடல் நீந்தியவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு மேசையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நேரம் போனதும் அக்கா எழும்பினார். பால் போத்தலைத் திறந்து, கைலின் கையிலிருந்த கறுப்புக் கோப்பிக்குள் தாராளமாக ஊற்றினார். "குடியும். பழுதாப் போகும்" என்றார். அவன் திகைத்துப்போய்க் குடித்தான்.

கையெழுத்து விழவில்லை, மீதிக் காசும் வரவில்லை என்பதால் மனேச்சர் தானே இறங்கி வந்தார். தொழிலாளி ஒருவர் அந்த மூலைப் பலகையைக் கழற்றினார். ஸ்லைட்டைச் சுற்றியிருக்க வேண்டிய றப்பர் பட்டி அந்த இடத்தில் மடங்கிக் கிடந்தது. தொழிற்சாலையிலேயே சரியாகப் பொருத்தவில்லை. வசந்த கால மழை முழுவதும் இந்த ட்றெயிலர் முற்றத்தில் நின்று வாங்கியிருக்கிறது. பலகைக்குப் பின்னால் சுவருக்குள் அடைத்திருந்த பஞ்சு நனைந்து, கரும்புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. புளித்த மணம் அடித்தது. பசையும் வொறன்ரியும் என்று நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் படித்த மந்திரத்துக்குப் பின்னால் இருந்தது இதுதான். கைலின் முகம் வெளிறிவிட்டது. தனக்கு உண்மையாகவே தெரியாது என்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டான். அக்கா அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். அண்ணை அந்தக் கரும்புள்ளிகளைப் பார்த்தபடி நின்றார், பிறகு தன் வயிற்றை ஒருமுறை தடவிக்கொண்டு பிக்கப்புக்குள் போய் இருந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் முட்டைப் பொரியல் கதை இல்லை. பரி தாண்டிய பிறகு நான்தான் கேட்டேன், நாள் நேரம் பார்க்கிற நீங்கள் எப்படி அக்கா அதை விட்டீர்கள் என்று.

"இப்ப இருக்கிற வீட்டுக்கு நல்ல நேரத்திலைதான் சைன் வைச்சன்" என்றார் பின்னிருக்கையிலிருந்து. "புது வீடு. கட்டினவன் சுத்திக் காட்டேக்கை நேரம் முடியப் போகுதெண்டு நான் நிலக்கீழ் அறையை எட்டியும் பாக்கேல்லை. ஓடிப்போய் சைன் வைச்சுப் பாலைக் காய்ச்சினன். முதல் மழைக்கே தண்ணி வந்தது. ரெண்டு மாரி அவங்கடை ஒப்பீசுக்குப் போன் அடிச்சு அலைஞ்சன். சைன் வைக்க முதல் கதிரை தந்து கதைச்சவங்கள், வைச்ச பிறகு லைனிலை காத்திரு எண்டாங்கள்."

அந்த நிலக்கீழ் ஈரம் எங்கள் பக்கத்துச் சுவருக்கும் வந்தது. ஆனால் அதன் காரணம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அண்டைக்குப் போனது வெறும் சுவர்" என்றார் அக்கா. "இண்டைக்குப் பிள்ளையாரிட்டை மன்னிப்புக் கேட்டிட்டுத்தான் இருந்தனான்."

முன்னிருக்கையில் அண்ணை கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தார். பிறகு கையைப் பின்னால் நீட்டினார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

டீலர் தங்களுடைய இன்னொரு முற்றத்திலிருந்து அதே மாதிரி வேறொரு ட்றெயிலரைக் கொண்டுவந்தார். அது வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்து ஒரு கிழமை. இம்முறை ஹோஸை அக்கா தானே பிடித்தார், உள்ளே தடவிப் பார்க்கிற வேலை கைலுக்கு. அந்த வாட்டசாட்டமான பெடியன் கட்டிலில் ஏறி நின்று, மூலைமூலையாகத் தடவி, ஈரமில்லை என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் "டிறை!" என்று சத்தம் போட்டான். பிறகு அக்கா உள்ளே குடியிருந்தார். குழாய்களையெல்லாம் திறந்து ஓடவிட்டார். சோறு கறி சமைத்தார். குளித்தார். குளிர்சாதனப் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் வைத்து, அது இறுகும் வரை காத்திருந்தார். சில்லுகளையும், கதவோரத் தகட்டில் எழுதியிருந்த பாரக் கணக்கையும் என்னைக்கொண்டு இருமுறை வாசிக்கவைத்தார். கேட்காத மேலதிகக் காப்புறுதிகளைக் கோட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் பேனாவைத் தொட்டார்.

பிறகு பாலை வைத்தார். ஐயருமில்லை, விருந்தாளியுமில்லை, நேரமுமில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கைல் கை தட்டினான். அன்று பின்னேரமே யாரோ ஒரு அன்ரி தொலைபேசியில், "கேள்விப்பட்டது மெய்யே, ஆடியிலையோ காய்ச்சினனீங்கள்?" என்று கேட்டார். "ஓம், ஆடியிலைதான்" என்று சொல்லி அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஓகஸ்டில் போனோம். சூ நகரைத் தாண்டி வடக்கே ஏறியதும் அண்ணை என்னிடமிருந்து சுக்கானை வாங்கிக்கொண்டார். ஒரு வளைவு திரும்பியதும் ஏரி வந்தது. நான் பிறந்தது கடற்கரையில். எனக்குத் தண்ணீர் புதிதில்லை. ஆனாலும் இது வேறு. எதிர்க்கரை இல்லை, உப்பு மணம் இல்லை, கறுத்த பாறைகள், அதற்குமேல் முடிவில்லாமல் நீலம். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். முகாமில் அண்ணை அந்த நீள ட்றெயிலரை இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரே மூச்சில் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்தினார். அயலில் கதிரை போட்டிருந்த வெள்ளைக்காரர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள்.

மறுநாள் பகலில் மழை பிடித்தது. ஏரியிலிருந்து காற்றோடு வந்து பக்கவாட்டில் அறைந்த மழை. அண்ணைக்கு நீர் மாற்றும் நேரம். வெளியே அனுப்ப இடமில்லாததால் அக்கா என்னிடம் ஒரு முகமூடியைத் தந்து, கையைக் கழுவவைத்து, ஒரு மூலையில் இருத்தினார். யன்னல்கள் சாத்தியிருந்தன. கொளுக்கியில் புதுப் பை தொங்கியது. பழைய நீர் மெல்லிய குழாய் வழியே கீழேயிருந்த பைக்குள் இறங்கியது. ட்றெயிலர் காற்றில் லேசாக ஆடியது. அக்கா ஒரேயொரு தரம் ஸ்லைட்டின் மூலையை நிமிர்ந்து பார்த்தார். காய்ந்திருந்தது.

எல்லாம் முடிந்து, குழாயை மூடிய பிறகு, அக்கா வடிந்த பையைக் கையில் எடுத்தார். உள்ளே கிருமி போயிருந்தால் அந்த நீர் கலங்கியிருக்குமாம். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டுமாம். அவர் அதைத் தூக்கி யன்னலுக்கு நேரே பிடித்தார். பிடித்தவர் இறக்கவில்லை.

"தெளிவோ?" என்று கேட்டார் அண்ணை.

"ஏரி தெரியுது" என்றார் அக்கா.

நான் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். பையிலிருந்த நீரினூடாகப் பாறையும் அலையும் மழையும் அப்படியே தெரிந்தன.

அண்ணை முகமூடியை இறக்கி, பள்ளிக்கூடப் பெடியன் உத்தரவு கேட்கிற குரலில் கேட்டார். "புனிதம், நாளைக்கு இன்னும் கொஞ்சம் அங்காலை போய்ப் பாப்பமோ?"

"எவ்வளவு தூரம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ" என்றார் அக்கா. "நான் பையளைக் கட்டுறன்."

அண்ணை இறக்கிய முகமூடியைத் திரும்பவும் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.